கரகத்தோடு போகும் எல்லை

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு கிடங்கில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் மகள் கூப்பிட்டால் வழக்கமாக இரண்டு காரணம்தான் இருக்கும். அவளுக்குக் காய்ச்சல், இல்லையென்றால் அவள் அம்மா போனை எடுக்கவில்லை. அன்றைக்கு இரண்டும் இல்லை.

"அப்பா, காப்பு கட்டுனவங்க எல்லைய தாண்டுனா என்னா ஆகும்?"

"தாண்டக்கூடாது."

"தாண்டுனா?"

"தாண்ட மாட்டாங்க லா. நீ சாப்பிட்டியா?"

அதோடு போனை வைத்துவிட்டேன். சோறு ஆறிப்போயிருந்தது. ஆறாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு எனக்கு இறங்கியிருக்காது.

திருவிழா தொடங்கும் நாளில் மஞ்சள் துண்டை நூலில் கோர்த்து அம்மன் முன்னால் மணிக்கட்டில் கட்டுவோம். அதுதான் காப்பு. கட்டியவர் கவுச்சி தொடமாட்டார், பாயில் படுப்பார், முகம் மழிக்கமாட்டார். திருவிழா முடிந்து பூசாரி அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டமாட்டார். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்தேன். பத்தொன்பது வயதில் ஒருமுறை தீமிதிக்காகக் காப்பு கட்டினேன். அதற்குப் பிறகு கட்டியதே இல்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், ஷிப்டு வேலை, லீவு கிடைக்காது என்று சொல்லிவந்தேன். என் மனைவியிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

மற்றபடி சாமி காரியத்தில் நான் குறை வைப்பதில்லை. செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன். படிப்பு அதிகம் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அப்புறம் இடைநிலைப்பள்ளியில் மூன்று வருடம். கதைப் புத்தகம் படித்த பழக்கமும் கிடையாது.

மகள் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்பு படிக்கிறாள். அவள் கதை எழுதுகிற விஷயமே அன்று மாலை மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஈப்போவில் ஒரு வாசகர் வட்டம், இளையவர்கள் படிக்கிற மாதிரி நாவல் கேட்டிருக்கிறார்களாம். நன்றாக வந்தால் அவர்களே அச்சுப் போடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பவேண்டும்.

"ஒரு வருஷமா எழுதுறா. உங்ககிட்ட சொல்லப் பயம்," என்றாள் மனைவி.

"நான் என்னா சிங்கமா?"

"சிங்கமா இருந்தா பரவால்ல. நீங்க சாமியார்லா. கதையில சாமி வருது, போராட்டமும் வருது. எதுக்கு மொதல்ல உங்களுக்குக் கோவம் ஏறும்னு அவளுக்குத் தெரியல."

வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வந்து இறங்கினாள். பை நிறைய துணியும், தனியாக ஒரு காகிதக் கட்டும் இருந்தன. பூசை முடியும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கட்டை என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, நீங்க படிச்சிட்டு சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்."

"நான் என்ன வாத்தியாரா?"

"இல்ல. இது நம்ம அம்மன். நம்ம வீட்டு சாமி மேடையில வைக்க முடியாத புத்தகம் எனக்கு வேணாம்."

இப்படி ஒரு பொறுப்பைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. காலையில் பசாருக்குப் போய்வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் மெதுவாகத்தான் படிப்பேன்.

கதை வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கிறது. அவளே கற்பனையில் உண்டாக்கிய ஒரு ரப்பர் தோட்டம். சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், நோயில் கிடப்பவளையும் மேற்பார்க்கிற தண்டல் வேலைக்கு இழுக்கிறான். சனங்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தலைவர், பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் அப்பா. லயன் வீடுகளைக் காலி பண்ணச் சொல்லித் துரை ஆள் அனுப்புகிறான். போனால் போராட்டம் முடிந்தது. அந்த நேரத்தில் அந்தப் பெண் ஒரு யோசனை சொல்கிறாள். எல்லாரும் காப்பு கட்டிக்கொள்வோம். காப்பு கட்டியவர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அம்மன் கட்டளை. துரை சொன்னாலும் போகமுடியாது.

இங்கேயிருந்து மாயம் ஆரம்பிக்கிறது. முந்நூறு கைகளில் மஞ்சள் நூல் ஏறியதும் எல்லை உயிர்பெற்றுவிடுகிறது. போலீஸ் லாரி தோட்டத்து வாசலில் வந்து நின்றுபோகிறது. இறங்கித் தள்ளுகிறார்கள். லாரி பின்னால் போகிறது, முன்னால் வரமாட்டேன் என்கிறது. வெளியிலிருந்து பால் வெட்ட ஆள் கொண்டுவருகிறார்கள். மரம் பால் விடமாட்டேன் என்கிறது. கோடு போட்ட இடம் காய்ந்த வாய் மாதிரி திறந்து கிடக்கிறது. சனங்கள் வேலையை நிறுத்தினார்கள், மரங்களும் சேர்ந்து நிறுத்திவிட்டன.

அந்த லாரி அத்தியாயத்தை நான் இரண்டு தடவை படித்தேன். டிரைவர் இறங்கி பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பதில் வேப்பிலைக் கொத்து. நானும் வண்டி ஓட்டுகிறவன்தானே. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சமையல்கட்டிலிருந்து மனைவியும் மகளும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள்.

"எந்த இடம்?" என்றாள் மகள்.

"வேப்பிலை."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பரீட்சை முடிவு வந்தபோதுகூட அவள் அப்படி இருந்ததில்லை.

கடைசி அத்தியாயத்தில்தான் எனக்குக் கை நின்றுவிட்டது. வெளியே போய்வர வேண்டியவர் என்று காப்பு கட்டாமல் விட்ட தலைவர், வெளியூர்ச் சனங்களைப் பார்க்கப் போன இடத்தில் பிடிபடுகிறார். டவுன் காவல் நிலையத்தில் அடைத்து, மறுநாள் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடப் போகிறார்கள். மகளின் கையில் காப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் அப்பா. அவள் பால் வெட்டும் கத்தியை எடுத்துக் காப்பை அறுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறாள். நூல் அறுந்ததும் எல்லாத் தளையும் அறுகிறது, இடி இடிக்கிறது, துரை பங்களா எரிகிறது.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"இது வேணாம்."

மகள் ஈரக் கையோடு வந்து நின்றாள். "எதுப்பா?"

"அம்மன் காப்ப கத்தியால அறுக்கறது. அத வாயால கூட சொல்லக்கூடாது. நீ எழுதி வச்சிருக்க."

"அது கதைப்பா. மாயம்."

"லாரி நின்னுச்சே, அது மாயம். மரம் பால் விடல, அதுவும் மாயம். இது காப்பு."

"அப்ப எப்படி வெளிய போவா?"

"போகமாட்டா."

"அப்ப அவ அப்பாவ ஏத்திட்டுப் போயிருவாங்க. கடைசியா ஒரு தடவ பார்க்கக்கூட முடியாது. அவ காப்பு கட்டிட்டு உள்ளயே உக்காந்திருக்கணும். அது சரியாப்பா?"

நான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. முழு விஷயம் அவளுக்குத் தெரியாது. கதையில் வரும் பெண்ணுக்காகத்தான் கேட்டாள்.

"சொல்லுங்கப்பா. சரின்னு சொல்லுங்க, மாத்தி எழுதறேன். அவ போகல, அப்பா போயிட்டாரு, முற்றும்."

"அப்படி எவன் படிப்பான்?" என்றாள் மனைவி.

"அதான் நானும் கேக்கறேன்." காகிதத்தை எடுத்து அடுக்கினாள். "பரவால்லப்பா. அடுத்த வருஷம் வேற எதாவது எழுதி அனுப்பிக்கலாம்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் காகிதக் கட்டை அடுக்கி அடுக்கி, ஓரம் சேராமல் மறுபடியும் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் எனக்குக் கதவு திறந்து நின்ற ஒரு பேருந்துதான் தெரிந்தது.

நான் காப்பு கட்டிய ஐந்தாம் நாள் என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தோட்டத்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா கூடப் போனார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். "கவலப்படாதடா, நீ காப்பு கட்டியிருக்க. அம்மன் பார்த்துக்குவா." ஏழாம் நாள் அப்பா இறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நான் போகவே இல்லை. அப்பா சாகக் கிடந்தபோதும் காப்பைக் காத்தவன் என்று தோட்டமே என்னைப் புகழ்ந்தது. இருபது வருடம் கழித்துக்கூட ஒரு கல்யாண வீட்டில் யாரோ என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். நான் தலையை ஆட்டிக்கொண்டு பந்திக்குப் போனேன்.

ஞாயிறு காலை. மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மகள் சட்னி அரைத்து முடித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். இல்லையென்றால் சொல்லியிருக்கமாட்டேன்.

"நான் நேத்து சொன்னது பாதி தப்பு. காப்பு கட்டுனவங்க எல்லைய தாண்டுவாங்க."

மகள் நிமிர்ந்தாள்.

"கரகம் எடுக்க ஆத்துக்குப் போகணும்லா. எங்க தோட்டத்துல ஆறு எல்லைக்கு வெளிய இருந்துச்சு. வாசலத் தாண்டி, பெரிய ரோட்டத் தாண்டி நடப்போம். காப்பு கட்டுன அத்தன பேரும். கரகம் ஜோடிச்சுத் தலையில வச்சு அப்படியே திரும்பி வருவோம்."

"அப்ப தாண்டலாமா?"

"தாண்டறதில்ல. அம்மன் முன்னால போறா. அவ போற எடமெல்லாம் எல்லதான். எல்ல கூடவே வருது. பூசாரி அப்படித்தான் சொல்வாரு."

மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பேனா தேடினாள். கிடைக்கவில்லை. பிரிஜ் மேல் இருந்த கரண்டு பில்லும் மனைவியின் பேனாவும் அவள் கைக்கு வந்தன.

"அப்ப அவ காப்ப அறுக்க வேணாம்," என்று தனக்குள்ளே பேச ஆரம்பித்தாள். "கரகம் எடுக்கப் போறோம்னு கெளம்பறாங்க. முந்நூறு பேர். வாசல்ல போலீஸ். திருவிழா, சாமி ஊர்வலம், யாரு நிறுத்துவா? ஆத்துகிட்ட நிக்கல. நேரா டவுனுக்கு."

"தப்பு, மேளம் அடிச்சிட்டுப் போகச் சொல்லு," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "சும்மா போனா ஊர்வலமா தெரியாது, கூட்டமா தெரியும்."

"பக்கத்துத் தோட்டமும் கரகம் எடுத்துட்டு வரட்டும்," என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. "நாலு பக்கத்துல இருந்தும் வரட்டும்."

"நாலு எல்லையும் ஒண்ணா சேருது," என்று எழுதினாள். "ஆனா காவல் நிலையத்துப் பூட்டு? அத எப்படித் தொறக்கறது?"

"எதுக்குத் தொறக்கணும்? எல்லதான் அங்க வந்துருச்சே. உன் கதைப்படி எல்லைக்குள்ள லாரி ஓடாது. அவர எப்படிக் கப்பலுக்கு ஏத்திட்டுப் போவான்?"

மகள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கதை சரியாகிவிட்டது, நானும் நல்ல பெயர் வாங்கிவிட்டேன். ஆனால் மறுபடியும் பாதியைத்தான் சொல்லியிருந்தேன்.

"எங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் காப்புல இருந்தேன்," என்றேன். அவளுக்கு அவ்வளவு தெரியும். எல்லாருக்கும் தெரியும். "ஆறாம் நாளு கரகம். ஆத்துக்குப் போறப்போ பெரிய ரோட்டுல பஸ் ஸ்டாப்பத் தாண்டிப் போனோம். ஈப்போ பஸ்சு நின்னுச்சு. கரகம் போகட்டும்னு டிரைவர் வண்டிய நிறுத்தி வச்சிருந்தான். கதவு தொறந்திருந்துச்சு."

மனைவி தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

"பூசாரி என் பக்கத்துல வந்தாரு. 'டேய், அம்மன்கிட்ட நான் உத்தரவு கேட்டுட்டேன். காப்ப அவுத்துச் சூலத்துல கட்டிட்டுப் போ. உங்கப்பாவப் பார்த்துட்டு வா, திரும்பக் கட்டிக்கலாம்'னாரு. நான் மாட்டேன்னுட்டேன். காப்பு முக்கியம்னு சொன்னேன். அவரு என் மூஞ்சியையே பார்த்தாரு. அப்புறம் கரகத்துக்கு முன்னால போயிட்டாரு."

"ஏன்ப்பா?"

"பயம். அப்பா சாகறதப் பார்க்கப் பயம். டியூப்பெல்லாம் வச்சிருக்காங்கன்னு சொல்லியிருந்தாங்க. காப்பு என்ன புடிச்சு வைக்கல. நான்தான் காப்பப் புடிச்சிட்டு நின்னேன்."

தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தேன், சாப்பிடவில்லை.

"உன் பாட்டி வந்து சொன்னாங்க," என்றேன். "கடைசியா அப்பா கேட்டது, கரகம் நல்லபடியா வந்துச்சான்னு. எல்லாரும் அதக் கேட்டு அழுதாங்க, என்னா பக்தின்னு. அவரு கரகத்தக் கேட்டாரோ என்னையக் கேட்டாரோ, எனக்கு இன்னும் தெரியல."

மனைவி வந்து என் தட்டில் இருந்த ஆறிய தோசையை எடுத்துவிட்டுச் சூடாக ஒன்று வைத்தாள். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள். "இத்தன வருஷமா ஷிப்டு, லீவுன்னு சொன்னீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. பக்கத்து நாற்காலியை இழுத்து என் தோளோடு தோள் படும்படி உட்கார்ந்தாள். அவள் அப்படிச் சாப்பாட்டு மேசையில் உட்காருகிற ஆள் இல்லை.

மகள் கரண்டு பில்லைத் திருப்பி மறுபக்கத்தை மேலே வைத்தாள்.

"அப்பா, ஊர்வலத்துல ஒருத்தன வைக்கலாமா? பத்தொன்பது வயசு. பேரு வேணாம்."

தண்ணீர் குடித்தேன்.

"வை," என்றேன். "ஆனா அவன போக வை."

அன்று முழுக்க அவள் எழுதினாள். நாங்கள் தொலைக்காட்சி போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரின் அலாரம் அடித்தபோது மனைவி வெளியே போய், "என் மக கதை எழுதுறா லா அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க," என்று சொன்னது எனக்குக் கேட்டது. நாலரை மணிக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டினாள்.

நாலு பக்கமிருந்தும் கரகங்கள் வருகின்றன. ரோடெல்லாம் மஞ்சள் தண்ணீர். காவல் நிலையத்து முன்னால் லாரி இன்ஜினைப் போடுகிறார்கள், வேப்பிலை வாசம் வருகிறது. உள்ளேயிருந்து தலைவர் கேட்கிறார், கரகம் நல்லபடியா வந்துச்சா என்று. கம்பிக்கு வெளியே அவர் மகள் நிற்கிறாள். வந்துருச்சுப்பா, நானும் வந்துட்டேன் என்கிறாள். ஊர்வலத்தில் வந்த ஒரு பையன் மட்டும் பூசாரியிடம் ஏதோ சொல்லிவிட்டு, தன் காப்பை அவிழ்த்துச் சூலத்தில் கட்டிவிட்டு, ரோட்டோரம் நின்ற பேருந்தில் ஏறுகிறான். அவன் எங்கே போனான் என்று கதையில் இல்லை. அந்தப் பேருந்து மட்டும் கிளம்பியது, அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

நான் எழுந்து சாமி மேடைக்குப் போனேன். திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசினேன்.

"அனுப்பு."

"சரியா இருக்காப்பா?"

"அனுப்புமா, மணி அஞ்சாகப் போவுது. உன் லைன் வேற அப்பப்போ போயிரும்."

ஐந்தேகாலுக்கு அனுப்பினாள். அனுப்பியபின் மூன்று பேரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றோம், ஏதோ உடனே பதில் வரப்போவது மாதிரி. மனைவிதான், "வாங்க, கோப்பி போடறேன்," என்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அச்சுப் போடுகிறார்களாம். ஆனால் லாரி அத்தியாயம் நீளமாக இருக்கிறது, கொஞ்சம் வெட்டவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வேப்பிலையை மட்டும் தொடாதே என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த வருடம் எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியபோது நானும் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் பூசாரி நிமிர்ந்து பார்த்தார். என்னைவிட இருபது வயது சின்னவர்.

"அண்ணே, நீங்களா? எல்ல தாண்டக்கூடாது, தெரியும்லா? வேல ஜெலாப்பாங்லயாச்சே."

"அதான் கேக்கலாம்னு வந்தேன்."

"இப்ப எல்லாருக்கும் வேல வெளியதான். பேக்டரி, ஆபிஸ், கடைன்னு. காலையில வந்து அம்மன்கிட்ட சொல்லிட்டுப் போங்க. சாயங்காலம் வந்துட்டேன்னு சொல்லிருங்க. உத்தரவு கேட்டா அவ குடுப்பா."

"அவசரம்னா?"

"அவசரம்னா எப்ப வேணும்னாலும் வந்து சொல்லுங்க. அதுக்குன்னு காலை மூணு மணிக்கெல்லாம் என்ன எழுப்பாதீங்க, நீங்களே சொல்லிக்குங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கையை நீட்டினேன். மஞ்சள் ஈரமாக இருந்தது. நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, வேலைக்குக் கிளம்பும் சட்டையோடு கோயிலுக்குப் போனேன். உள்ளே யாரும் இல்லை. "வேலைக்குப் போயிட்டு வாரேன் தாயி," என்றேன். அப்புறம், "அப்பாவப் பார்த்துட்டு வாரேன்," என்றும் சொன்னேன்.

அன்று வேலை முடிந்ததும் அப்பாவை அடக்கம் செய்த பீடோர்ப் பக்கம் வண்டியை விட்டேன். மகளுக்குப் போன் செய்து, எல்லையைத் தாண்டிவிட்டேன் என்றேன். "சொல்லிட்டுத்தானே போறீங்க?" என்று கேட்டாள். சொல்லிவிட்டுத்தான் என்றேன்.